விருந்தறையின் வெப்பநிலை

வெளியாள் ஒருவரிடம் ஒருமுறைகூட 'வேண்டாம்' என்று சொல்லாமல் ஒரு மனிதர் அறுபத்தெட்டு வயதுவரை வந்துவிட முடியுமா? இஸ்பந்தியார் வந்திருக்கிறார். இப்போதும் வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டுவிட்ட வியாபாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடாம எப்படிப் போவீங்க?" என்கிறார். அடுப்பில் இருப்பது இரண்டு பேருக்கான சோறு. அது அவருக்கும் தெரியும், வியாபாரிக்கும் தெரியும். வியாபாரி மூன்று முறை மறுக்க வேண்டும். இஸ்பஹான் நகரில் அதுதான் முறை. சமையலறையில் அவர் மனைவி தூபா அந்த மறுப்புகளை எண்ணுகிறாள். மூன்றாவது மறுப்பு காதில் விழுந்த பிறகே பானையை இறக்குகிறாள்.

அவர் 'வேண்டாம்' என்று சொல்வது தூபாவிடம் மட்டும்தான். அவளிடம் தினமும் சொல்வார்.

நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி இருக்கும். விருந்தறைச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. காலை ஏழு, மதியம் மூன்று, இரவு ஒன்பது என்று பார்த்து நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவார். பத்தொன்பது வருடத் தாள்கள் பெட்டியில் இருக்கின்றன. "உடம்பு வேர்க்குதான்னு தெரிஞ்சுக்க எதுக்குங்க கண்ணாடிக் குழாய்? தொட்டுப் பார்த்தாத் தெரியாதா?" என்பாள் தூபா.

விருந்தறை என்பது வெள்ளை விரிப்பு போர்த்திய சோபாக்கள் இருக்கும் அறை. புத்தாண்டுக்கும் துக்கத்துக்கும் மட்டும் விரிப்பு விலகும். கோடையில் வீட்டிலேயே குளிர்ந்த இடமும், குளிர்காலத்தில் கதகதப்பான இடமும் அதுதான். அங்கே யாரும் உட்காருவதில்லை. தண்ணீரில் ஓடும் மாடிக் கூலரின் காற்று அந்த அறைக்கு முழுதாக வரட்டும் என்று, சமையலறைக்குப் போகும் காற்றுத் துவாரத்தை ஒரு மிட்டாய்ப் பெட்டி அட்டையால் அவர் அடைத்துவைத்திருந்தார். அட்டையிலிருந்த ரோஜாப் படம் எண்ணெய்ப் புகையில் எப்போதோ கறுத்துப்போனது.

சென்ற குளிர்காலத்தில் விருந்தறையிலிருந்த கேஸ் கணப்பின் புகைக்குழாய் விட்டுப்போக, சோதிக்க வந்த ஆள் அதைப் பற்றவைக்கவே கூடாது என்றார். வசந்தத்தில் கூலரின் அடித்தகடு துருப்பிடித்து விழுந்தது. சூடும் போயிற்று, குளிரும் போயிற்று. புதிதாக எதைப் போடுவது என்ற ஆராய்ச்சி தொடங்கியது.

மூன்று பேர் வந்தார்கள். மாடிக் கூலரும் புதுக் கணப்பும் விற்கும் ரஜபலி, பெரியவர். வீடு முழுக்கக் கொதிகலனும் வெந்நீர்க் குழாயும் போட்டு, கூடவே குளிரூட்டியும் தரும் சார்கிஸ், ஜுல்பா பேட்டை ஆர்மீனியர். கோடையில் குளிரும் பனியில் சூடும் தரும் ஒரே ஏசியைச் சொன்ன இளைஞன் நாதர். எஞ்சினியர் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். ரஜபலியிடம் இஸ்பந்தியார் கேட்டார், "ஆத்துலயே தண்ணி இல்ல. கூலருக்கு எங்கே போறது?" சார்கிஸிடம், "ஜனவரியில கேஸ் அழுத்தம் குறைஞ்சா?" நாதரிடம், "மதியம் கரண்ட் போயிடுதே?" மூவரும் கடவுளைக் கைகாட்டினார்கள். நம்பத் தகுந்தது எதுவுமில்லை என்று நிறுவிய திருப்தியோடு அவர் தேநீர் ஊற்றினார். இந்த நிலையிலேயே இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தார். முடிவெடுக்காதவரை ஒருவர் எல்லோருக்கும் நல்லவர்.

ஜூன் கடைசியில் தூபா ஒரு பஸ் டிக்கெட்டைக் குளிர்பதனப் பெட்டிமேல் வைத்தாள். "வியாழக்கிழமை மலைமேல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். குளிர்காத்து வந்தா ஃபோன் பண்ணுங்க."

"எப்போ திரும்புவே?"

"நீங்க முடிவு பண்ணும்போது. அதனால பெரிய பெட்டியா எடுத்துக்கிறேன்."

அந்த வாரமே மூன்று பேரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கேட்டார்கள்: புதன்கிழமை ஆட்களோடு வரட்டுமா? மூவருக்கும் ஒரே பதில்தான். "இதெல்லாம் கேக்கணுமா? உங்க வீடு. உங்க பாதம் என் கண்மேல."

புதன்கிழமை காலை சந்தில் மூன்று வண்டிகள் நின்றன. நடந்தது புரிந்ததும் சண்டை வரும் என்று தூபா எதிர்பார்த்தாள். வந்தது அதைவிட மோசம்.

"ரஜபலி அண்ணன் இருக்கும்போது நான் துளை போடுறதா? கை வருமா எனக்கு?" என்றான் நாதர்.

"இல்ல, எஞ்சினியர் தம்பி, உங்க காலம் இது. சார்கிஸ் ஆரம்பிக்கட்டும்" என்றார் ரஜபலி.

"பெரியவங்க முன்னாடி நான் சுத்தியலைத் தொட மாட்டேன்" என்றார் சார்கிஸ்.

பதினொரு மணிவரை ஒரு துளையும் விழவில்லை. மூன்று சுற்றுத் தேநீர் முடிந்தது. இஸ்பந்தியாருக்கு வேறு வழி தெரியவில்லை. "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மறுத்தார்கள். மறுபடி சொன்னார். மறுத்தார்கள். மூன்றாம் முறை யாரும் மறுக்கவில்லை.

தூபா எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மறுப்பு வராததும் சாக்கிலிருந்து கத்தரிக்காய்களைக் கொட்டினாள். ஒன்பது பேருக்கு. அவர் சொல்ல வந்தபோது எண்ணெய் காய்ந்துவிட்டிருந்தது. துளைக்கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "புரட்டிக்கிட்டே இருங்க. கருகக் கூடாது. நான் கொஞ்சம் விருந்தாளியா இருந்துட்டு வரேன்."

விருந்தறைக்குப் போய், வந்தவர்களுக்காக விரிப்பு விலக்கிய சோபாவில் உட்கார்ந்தாள். கூலர் இல்லாமலே அந்த அறை சமையலறையைவிடக் குளுமையாக இருந்தது. சார்கிஸ் எழுந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். அந்த வீட்டில் அவளுக்கு வேறொருவர் தேநீர் ஊற்றியது எப்போது என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை.

இருபது நிமிடம் கழித்து இஸ்பந்தியார் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். அதைத் துடைக்காமலே பேசினார்.

"ரஜபலி அண்ணே, கூலர் வேண்டாம். சார்கிஸ், கொதிகலன் வேண்டாம்."

சார்கிஸ்தான் முதலில் தேறினார். "பரவாயில்ல. பெரியவருக்கு 'வேண்டாம்' முதல்ல கிடைச்சுது, எனக்கு ரெண்டாவது. முறை தப்பல."

நாதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருந்தறைச் சுவரைப் பார்த்தான். "இங்கே, சன்னலுக்கு மேல தானே ஐயா?"

இஸ்பந்தியார் சமையலறைக்குத் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அடுப்புக்கு எதிர்ச்சுவரில், அரிசிப் பானை அலமாரிக்கு மேலே, முழம் போட்டு அளந்து ஒரு செவ்வகம் வரைந்தார்.

"சமையலறைக்கா?" என்றான் பின்னால் வந்த நாதர். "எண்ணெய்ப் பிசுக்கு ஏறும் ஐயா. மாசா மாசம் கழுவணும். யாரும் இங்கே போடுறதில்ல. விருந்தறைக்கு இன்னொண்ணு கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"என்னங்க இது?" என்றாள் தூபா. "நாலு பேர் வந்தா விருந்தறையில வேர்த்து வழியட்டுமா? என்ன நினைப்பாங்க?"

வியாழக்கிழமை அவள் பஸ் ஏறவில்லை. ஆனால் கேள்வியை விடவுமில்லை. அந்தக் கோடை முழுக்கக் கேட்டாள். ஏன் ஏசி, கரண்ட்தான் போகிறதே, ஏன் சமையலறை, ஏன் அந்தப் புதன்கிழமை. அவர் காய்கறி விலையைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் புதன்கிழமை சாப்பாடு முடிந்து வண்டிகள் போன பிறகு மணி மூன்றாயிற்று. இஸ்பந்தியார் வழக்கம்போல விருந்தறைக்குள் போனார். வெப்பமானியைப் பார்க்கவில்லை. ஆணியிலிருந்து அதைக் கழற்றி, சட்டை ஓரத்தில் துடைத்து, சமையலறைக்குக் கொண்டுபோய், சல்லடை தொங்கும் ஆணியில் சல்லடையைச் சற்றுத் தள்ளிவிட்டு மாட்டினார்.