இடவலம் மாறிய வீடு

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் ‘டபுள் விசில்’. கடைசி ஆள் படியில் கால் வைப்பதற்குள் விசில் கொடுத்துவிடுகிற கண்டக்டர். வீட்டிலும் அப்படித்தான்; மனைவி செருப்பை மாட்டுவதற்குள் தெருமுனையில் நின்று கூப்பிடுவார். சர்க்கரை நோய் அவளுடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த பிறகுதான் அந்த மனிதருக்கு மெதுவாக நடக்கவே வந்தது.

அந்த நேரம் பார்த்து, தன் மகன் குடிவரப் போகிறான், வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர். எப்போதோ வாங்கிப் போட்ட சின்ன மனை ஒன்று இருந்தது. அவள் தடுமாறாமல் நடக்கிற மாதிரி அதில் ஒரு வீடு வேண்டும். வரைந்து கொடுக்க ஆள் தேடினார்.

முதல் இன்ஜினியரை மச்சான் கைகாட்டினார். இன்ஜினியர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். படத்தில் வீடு ஜொலித்தது. கூடத்துக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும்.

“படியா? என் சம்சாரத்துக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“பழகிடும் சார். இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கிறாங்க.”

கண்டக்டர் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது ஆளிடம் மனைவியையும் அழைத்துப் போனார். பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருக்க, அந்த ஆள் கண்டக்டரிடம் கேட்டார்: “அவங்க டீ குடிப்பாங்களா?”

“குடிப்பேன். காது நல்லாத்தான் கேக்குது” என்றாள் அவள். வெளியே வந்ததும், “இவர் வேண்டாங்க. என்னை எந்த மூலையில வெக்கலாம்னு உங்ககிட்டத்தான் கேப்பார்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்றாவது ஆள், தினமும் அவருடைய பஸ்ஸில் வரைபடச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு போகிற இன்ஜினியரம்மா. கேட்டதும் வாடகை வீட்டுக்கு வந்தார். வந்தவர் காகிதத்தை எடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கும் அலமாரிக்கும் குழாய்க்கும் அவள் சுவரைத் தொடாமல் போய்வந்தாள், தண்ணீரில் மீன் போல.

“எப்படிக்கா எங்கயும் இடிச்சுக்காம நடக்கிறீங்க?”

“இந்த வீட்டக் கண்ணு இருந்தப்ப பாத்திருக்கேன்ல. உள்ள அப்படியே இருக்கு. நீங்க கட்டப்போற வீட்ட நான் பாத்ததே இல்லையேம்மா.”

இன்ஜினியரம்மா அளவு டேப்பை இழுத்தார். “அப்ப இதே வீட்ட அங்க கட்டுவோம்க்கா.”

ஆள் கிடைத்துவிட்டார் என்று கண்டக்டர் தீர்மானித்தது அந்த நிமிடம்தான். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மனையை அளந்துவிட்டு வந்த இன்ஜினியரம்மா தயங்கித் தயங்கித்தான் பேசினார். “இந்த வீட்டுல சமையலறையும் குளியலறையும் இடப்பக்கம் இருக்கு. மனையில இடப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் முட்டிக்கிட்டு நிக்குது. சாக்கடைக் குழாயும் வலப்பக்கந்தான் போகுது. கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமாத் திருப்பிப் போட்டாத்தான் வரும் சார். மனசில்லாமத்தான் சொல்றேன்.”

கண்டக்டர் வேறு இரண்டு இன்ஜினியர்களிடம் கேட்டுப் பார்த்தார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். வேறு மனை தேட வீட்டுக்காரர் அவகாசம் தரவில்லை.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, அவளை நடக்கவிட்டார்கள். சமையலறைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் கை இடப்பக்கம் போய் வெறும் காற்றைத் துழாவியது. கணவரின் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கையை மடக்கிக்கொண்டாள்.

“சரியாத்தாங்க இருக்கு. கட்டுங்க.”

கட்டி முடித்த வீட்டைக் குறை சொல்ல முடியாது. வாசற்படி மேடு இல்லை, கூரான மூலை இல்லை. குடிபோன மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு என்று திரும்பி பீரோவில் நெற்றியை மோதிக்கொண்டாள். இன்ஜினியரம்மா ஓடி வந்து சுவரோரமாகக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார். கை கைப்பிடியில் இருக்கும். கால் பழைய வீட்டில் நடக்கும்.

“வேற மாதிரி வீடா இருந்தா புதுசாக் கத்துக்கிட்டிருப்பேன். இது தெரிஞ்ச வீடு மாதிரியே வந்து ஏமாத்துதுங்க” என்றாள் ஒருநாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“உங்க மூஞ்சி வாடினா எப்படியிருக்கும்னு இன்னும் ஞாபகம் இருக்கே.”

கொஞ்ச நாளில் அவள் தனியாக எழுந்து நடப்பதையே விட்டுவிட்டாள். அவர் வேலையை விட்டுவிட்டு, எங்கே போனாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இன்ஜினியரம்மா வந்தால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பிறகு அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் இருந்த சில வருடங்களில் அவள் ஒரு தடவைகூட அடுப்படிக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அவள் செத்த பிறகு வீட்டை விற்றுவிடச் சொன்னார் மச்சான். “எங்க போய் இருக்கறது?” என்று கேட்டார் கண்டக்டர்.