குசினிக்குள் நிற்கச் சொன்ன நேர்முகப் பரீட்சைகள்

வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருவன் நேர்முகப் பரீட்சைக்குப் போகிறான் என்றால் வீடு முழுவதும் பரீட்சை எழுதும். எங்கள் கோப்பாய் வீட்டில் என் தம்பிக்காக அந்தக் கூத்து நடந்தது. அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அவன் புறப்படும் நேரத்தில் ஒளித்து வைக்கப்பட்டவளும் நான்தான்.

நான் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கி சீனியர் வரை படித்தவள். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகுமுன் அவர் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டார். வெறும் நெற்றியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பினேன். அதன்பிறகு எனக்கு இரண்டு வேலை. தம்பிக்கு வாத்தியார், குசினியில் அடுப்புக்குக் காவல்.

அவனை முதலில் கூப்பிட்டது கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனி. கண்ணைப் பார்த்துப் பதில் சொல், கேளாததைச் சொல்லாதே, சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டு நடக்காதே என்று முற்றத்தில் நடக்கவிட்டுப் பழக்கினேன். அடுத்தது ஒரு மிஷன் பள்ளிக்கூட வேலை. அதற்குப் பைபிளில் சங்கீதம் ஒன்றை மனப்பாடம் பண்ணுவித்தேன். திருநீற்றைக் குறைப்பதா, அடியோடு அழிப்பதா என்று வீட்டில் பெரிய வழக்கு. கடைசியில் அம்மாதான், "சிவனே, இண்டைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும்" என்று தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

அம்மாவின் ஆயத்தம் முழிவியளம். புறப்படுகிறவனுக்கு முதலில் எதிர்ப்படும் ஆளைப் பொறுத்துத்தான் காரியம் பலிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் புருஷன் பிள்ளைகளோடு வாழும் பக்கத்து வீட்டு மாமி நிறைகுடத்தோடு வேலிப் படலையடியில் எதிரே வரவேண்டும். கைம்பெண் கண்ணில் படவே கூடாது.

"பிள்ளை, அவன் படலை தாண்டுமட்டும் குசினிக்குள்ளை நில்லு. குறை நினையாதை" என்பார் அம்மா.

குறை நினைக்கத்தான் செய்தேன். இரண்டு வேலையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. மாமியின் குடத்தை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்றாவது, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை. கம்பனிக்குச் சொன்னதையெல்லாம் மறந்துவிடு, இங்கே கண்ணைத் தாழ்த்து, மூச்சுக்கு மூச்சு 'சேர்' போடு என்று மாற்றிப் பழக்கினேன். அன்று காலை அவன் வாசலில் கால் வைக்கும்போது குசினியை விட்டு வெளியே வந்தேன். நேரே போய் மாமிக்கு முன்னால் படலையில் நின்றேன்.

"நான் படிப்பிச்சதைக் கொண்டுதானே போறாய்? என்ரை முகத்தையும் பாத்திட்டுப் போ" என்றேன்.

"பாவி, கெடுத்துப் போட்டியே!" என்று அம்மா அலறினார். அவனை உள்ளே இழுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து, சற்று இருத்தி, திரும்பவும் அனுப்பினார். அவன் என்னைப் பாராமலே போனான்.

வேலை கிடைத்தது. "திரும்பி வந்து தண்ணி குடிச்சதாலை தப்பினான்" என்றார் அம்மா. கிடைக்காவிட்டால் பழி எனக்கு வந்திருக்கும். இந்த வழக்கில் நான் ஒருநாளும் வெல்லப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இனி எனக்கே ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வரப்போகும் தம்பி பெண்சாதியின் அடுப்பையும் சாகுமட்டும் நானே ஊதவேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் முடிவில் இருந்த சைவப் பெண் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேடினார்கள். எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். "வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிஞ்சு இரு" என்றார் அம்மா. பெட்டிக்குள் கிடந்த பச்சைச் சேலையைக் கட்டினேன். மாமியைக் கூப்பிடட்டோ என்று மெல்லக் கேட்டார். பாவம், அவருக்கும் ஆசைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒழுங்கையில் ஒரு குருவி கூட இல்லை. பள்ளிக்கூட வாசலில்தான் சால்வை போட்ட பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். என் நெற்றியைப் பார்த்தார். பார்த்த கையோடு முகத்தைச் சுளித்து, வேப்பமரத்தடிக்கு ஒதுங்கி, வேறு யாரும் வருகிறார்களா என்று காத்து நின்றார். உள்ளே போன பிறகுதான் அவர்தான் பள்ளிக்கூடத்தை நடத்தும் மனேச்சர் என்று தெரிந்தது.

தலைமையாசிரியை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். இலக்கணம் கேட்டார், சொன்னேன். அவருக்குத் திருப்தி. மனேச்சர் தொண்டையைச் செருமினார்.

"படிப்பெல்லாம் சரி, பிள்ளை. ஆனால் விடியக்காலமை வாற பிள்ளையள் உம்மடை முகத்திலை எல்லோ முழிக்க வேணும்? தாய் தகப்பன்மார் என்ன கதைப்பினம்?"

கண்ணைத் தாழ்த்துவதா, நேரே பார்ப்பதா என்று நான் யோசிக்கவே இல்லை. நேரே பார்த்தேன்.

"ஐயா, வீட்டிலையிருந்து வெளிக்கிட்ட எனக்கு முதல் எதிர்ப்பட்ட ஆள் நீங்கள்தான். இந்த வேலை கிடையாட்டி, உங்கடை முழிவியளம் கூடாதெண்டு ஊர் முழுக்கச் சொல்லுவன்."

தலைமையாசிரியை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மனேச்சர் சால்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். கடைசியில், "வாற திங்கட்கிழமை வாரும்" என்றார்.

திங்கட்கிழமை மணி அடிக்க முன்னமே போய்ப் பள்ளிக்கூட வாசலின் நடுவில் நின்றேன். வந்த பிள்ளைகள் ஒருத்தி மிச்சமில்லாமல் என் முகத்தில் முழித்துக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.