டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

டாக்டர் சொன்னதை என் மனைவியிடம் மாற்றிச் சொன்னேன். அதனால் அவள் செத்தாள். உங்களிடம்தான் இதை முதன்முதலாகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் குடியிருந்தோம். எனக்குத் தோல் பட்டறையில் வேலை. செண்பகம் ஊரிலிருந்து வந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. கடையிலும் பஸ்ஸிலும் அவளுக்காக நான்தான் பேசுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட...

அவளுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. கன்னம் வீங்கி, வாய் பாதிதான் திறந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் இந்தியில் என்னிடம் சொன்னார்: பல்லின் வேரில் கட்டிய சீழ் தாடைக்குள் இறங்கிவிட்டது, இன்றே சேர்த்து, கீறிச் சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கி, பென்சிலின் ஊசி போட வேண்டும், விட்டால் கழுத்துக்குப் பரவி மூச்சை அடைக்கும். எல்லாம் எனக்குப் புரிந்தது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உப்புத்தண்ணி கொப்பளிச்சா வத்திருமாம். வா, போவோம்."

டாக்டரிடம், துணிமணி எடுத்துக்கொண்டு வருகிறோம் என்றேன்.

ஏன்? மறுநாள் மாலை மாதுங்காவில் எங்கள் பட்டறைத் தமிழர்கள் போடும் நாடகம். நான் ராஜா! அவளைச் சேர்த்தால் கூட இருக்க வேறு ஆளில்லை. என் வேஷத்துக்கு இன்னொருவன் காத்திருந்தான். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்... ஒரே ஒரு நாள்!

"ஒத்தடம் குடுக்கலாமான்னு கேட்டியளா?" என்றாள் வழியில். தலையாட்டினேன். நான் கேட்கவே இல்லை.

நாடகத்தில் நல்ல கைதட்டல். வீடு திரும்பியபோது வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, மூச்சு இழுத்தது. டாக்சியில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுதேனா? இல்லை. அன்று மரத்துப்போன மனம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அதே டாக்டர் இருந்தார். "நேற்றே ஏன் வரவில்லை? அவளிடம் கேள்" என்றார்.

அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. "பயந்துவிட்டாள், சாப்" என்று அவரிடம் சொன்னேன்.

கீறினார்கள், ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். சொந்தபந்தம் எல்லோரிடமும் இன்றுவரை அதையே சொல்லி வருகிறேன். "பாவம், பயந்துட்டா" என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.

ஆனால் அன்றிரவு அந்த டாக்டர், நான் சொன்னதை நம்பி, தணிந்த குரலில் இந்தியில் அவளைத் திட்டினாரே... ஏதோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, செண்பகம் படுத்தபடியே அவரைக் கும்பிட்டாள்.