புது லினக்சுக்குள் இறக்கிய லைனர்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வாடகைக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு கடலூரில் தொழில் தொடங்கினேன். இன்று துறைமுகம் பக்கம் சொந்தப் பட்டறை, சிதம்பரத்தில் இன்னொன்று, கம்ப்யூட்டர் சொற்படி இரும்பு கடையும் மெஷின் ஒன்று. சுனாமியில் என் லேத் மணலில் புதைந்தபோது, "இவன் கதை முடிஞ்சுது" என்றவர்களின் படகு என்ஜின்களும் இப்போது என்னிடம்தான் வருகின்றன.

மூன்று வருடம் முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கே நாள். தேவனாம்பட்டினத்துப் படகுகள் ஒன்பதுக்கு லைனர் கடைந்து தர வேண்டும். லைனர் என்பது தேய்ந்த என்ஜின் துளைக்குள் இறக்கும் இரும்புக் குழல். பிஸ்டன் அதற்குள் ஓடும். அந்த நேரம் பார்த்து மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் புகைந்து போனது.

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி, புதியது கொண்டுவந்து புது லினக்ஸ் ஏற்றினான். கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படை சாப்ட்வேரான லினக்ஸ் இலவசம், மெஷினுக்கான சாப்ட்வேரோ நான் விலை கொடுத்து வாங்கியது. புது லினக்சில் அது திறக்கவே இல்லை. விற்ற கம்பெனியைக் கேட்டால், புது லினக்சுக்கு ஏற்றபடி மாற்ற இரண்டு மாதமாகும் என்றார்கள். பழைய லினக்சை ஏற்றினால், புதுக் கம்ப்யூட்டரின் பாகங்களை அது அடையாளம் காணவில்லை.

"ஒண்ணும் பண்ண முடியாது மாமா. படகுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க."

"இதுக்கா மச்சான் அவ்ளோ படிச்ச? ஏன் தெறக்கலன்னு சொல்லு."

"அந்த சாப்ட்வேர் தேடுற பழைய ஃபைலுங்க புதுசுல இல்ல. சொன்னா ஒங்களுக்கு வெளங்குமா?"

விளங்கியது. புது என்ஜின் ப்ளாக்கின் துளையில் பழைய பிஸ்டன் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"லைனர் போடு. புது லினக்ஸ் வெளியில இருக்கட்டும். அதுக்குள்ள பழைய ஃபைலுங்கள மட்டும் எறக்கு. சாப்ட்வேர் அதுக்குள்ள ஓடட்டும்."

சிரிக்க வாய் திறந்தவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்படி ஒண்ணு இருக்கு மாமா. கன்டெய்னர்னு பேரு. எனக்குத்தான் தோணல."

"எப்படித் தோணும்? ஒன் கையில கிரீஸ் பட்டிருந்தாத்தானே!"

மறுநாள் மதியம் மெஷின் சுற்றியது. தடை முடிந்த அன்றே ஒன்பது படகும் கடலில் இறங்கின. அதன் பிறகு லினக்ஸ் இரண்டு முறை மாறிவிட்டது. உள்ளே ஓடும் சாப்ட்வேருக்கு அது தெரியவே தெரியாது.

இந்த முறையை மச்சான் இணையத்தில் விளக்கி எழுதியிருக்கிறான். எங்கெங்கோ உள்ள பட்டறைக்காரர்கள் நன்றி சொல்கிறார்கள், அவனுக்கு. உட்கார்ந்து செய்து முடித்தவன் அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பில் நான் படித்ததும் படிப்புதான் என்று எனக்கே புரிந்த நாள் அது. ஆகவே மச்சான், வழி சொன்னவன் கடலூர்ப் பட்டறைக்காரன் என்பதை அந்தக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுது.