இடதுபக்கம் அமுங்கிய படகு

பேய், காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். மீஞ்சூரில் என் பட்டறைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பம்புசெட், ஜெனரேட்டர், படகு இன்ஜின், எது வந்தாலும் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் வாயைத் திறப்பேன். "ஒனக்கு சாமியக்கூட அளந்து காட்டணும்" என்று என் மனைவி திட்டுவாள். சரி, அளந்து பார்த்த ஒன்றைத்தான் இப்போது சொல்கிறேன், அதற்கு மேல் நம்புவதும் சிரிப்பதும் உங்கள் இஷ்டம்.

ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவில் தேசப்பன் என்று ஒருவர். சென்னைக்காரர் யாரோ ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்ததும் விற்ற ஒரு பாய்மரப் படகை அவர் வாங்கி வைத்திருந்தார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் அடிவயிற்றில் ஒரு சின்ன டீசல் இன்ஜின். அந்த இன்ஜினை ஓட்டினால் படகு முழுக்க நடுங்குகிறது, விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் தண்ணீர் கசிகிறது, உடனே வா என்று போன் செய்தார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பிரசவத்துக்கு வந்த மகள் சுமதியையும் கைக்குழந்தையையும் மறுநாள் காலையில் அக்கரையில் இருக்கிற மருமகனுடைய குப்பத்தில் கொண்டுபோய் விடவேண்டும்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது, ஒரு இலை அசையவில்லை. படகு இடுப்பளவுத் தண்ணீரில் கட்டியிருந்தது.

"எப்பலேர்ந்துண்ணா இந்த ஆட்டம்?"

"கொழந்தய ஆஸ்பத்திரிலேர்ந்து இதுலதான் இட்டாந்தோம் மேஸ்திரி. அன்னிக்குதான் மொத மொத ஆடுச்சு. அதுக்கு முன்னாடி பட்டு மாரி ஓடும்."

முதலில் தண்ணீரில் இறங்கி விசிறியைத் தடவிப் பார்த்தேன், இலைகளில் அடி இல்லை, வலை எதுவும் சுற்றவில்லை. ஷாஃப்டைக் கையால் சுழற்றினேன், வளைவு இல்லை. அப்புறம் உள்ளே படுத்து, இன்ஜினையும் ஷாஃப்டையும் சேர்க்கிற கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றினேன். இரண்டு தட்டுகளும் சுற்றிலும் ஒரே மாதிரி முகம் பார்த்து நிற்கவேண்டும். மெல்லிய தகடு கேஜை இடுக்கில் விட்டால் மேலே இறுகிப் பிடிக்கிறது, கீழே தொளதொளவென்று போகிறது. சரிதான், இன்ஜின் சாய்ந்திருக்கிறது. டார்ச் அடித்தேன். இன்ஜின் நாலு ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும், அதில் மூன்று புத்தம் புதுசு மாதிரி இருக்க, இடதுபக்கம் பின்னால் இருந்தது மட்டும் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

கையோடு கொண்டுபோன புது மவுண்ட்டை மாற்றினேன். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, மேலே கீழே இடம் வலம் எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். தேசப்பனின் மனைவி நாகம்மா மீன்குழம்பும் சோறும் போட, கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போல்ட்டை முடுக்கலாம் என்று திரும்பி வந்தால், அளவு பழையபடி. புது மவுண்ட் நசுங்கியிருந்தது. இன்ஜினை இன்னும் ஸ்டார்ட்டே செய்யவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர்தான் மட்டமான சரக்கு என்று நினைத்தேன். நினைக்கவே விரும்பினேன் என்று சொல்லலாம். மறுபடி நட்டை ஏற்றினேன். மேலே தேசப்பன் நடமாடுவதால் அளவு மாறுகிறதோ என்று அவரையும் கரைக்கு அனுப்பினேன். படகில் நான் ஒருத்தன்தான். மல்லாந்து படுத்து, கேஜை இடுக்கில் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கேஜை ஏதோ கவ்வியது. இழுத்தால் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விட்டது. மறுபடி கவ்வியது, மறுபடி விட்டது. ஒரு ஆள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்று, கால் கடுத்ததும் மறுகாலுக்கு மாற்றிக்கொள்வது போல, அவ்வளவு நிதானமாக. என் முகத்துக்கு நேராக இருந்த மவுண்ட் அதே தாளத்தில் அமுங்கி எழுந்தது. அதன்மேல் எதுவும் இல்லை. என் கண்ணால் பார்த்தேன்.

எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது. தளம் காலியாக இருந்தது, ஆனால் படகு இடதுபக்கம் சாய்ந்திருந்தது. நான் கனத்த உடம்புக்காரன், வலது ஓரத்தில் போய் நின்றேன். படகு நிமிர்ந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக இன்னும் இடதுபக்கமே இறங்கியது, நான் எவ்வளவு பாரம் கொடுக்கிறேனோ அதற்கு மேல் ஒரு பிடி சேர்த்துக் கொடுக்கிற மாதிரி.

கழற்றிய போல்ட்டுகளைச் சட்டைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்தேன்.

"இந்தப் படகுல யாராச்சும் செத்தாங்களாண்ணா?"

"இன்னா மேஸ்திரி பேசற? ஒரு கோழிகூட சாவல."

"நாளைக்கு இத எடுக்காதீங்க. போல்ட்ட நான் எடுத்துனு போறேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வேல தெரிலன்னா தெரிலன்னு சொல்லிட்டுப் போ, போல்ட்ட குடு!" என்று கையை நீட்டினார். நாகம்மாதான் குறுக்கே வந்தார். "வுடுய்யா. பச்ச கொழந்தய வெச்சினு தண்ணில நின்னுட்டா இன்னா பண்ணுவ? எந்தம்பி போட்டுல போவட்டும்." சுமதி வாசலில் குழந்தையைத் தோளில் போட்டு நின்றிருந்தாள். உள்ளே போகத் திரும்பினாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாகப் படகையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர்கள் நாகம்மாவின் தம்பியுடைய ஃபைபர் படகில் போனார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் தேசப்பனே போன் செய்தார், குரலில் கோபம் இல்லை.

"போல்ட்ட எடுத்துனு வா மேஸ்திரி. நம்ம படகு நேரா நிக்குது."

போனேன். நேராகத்தான் நின்றது. கேஜ் வைத்தேன், சுற்றிலும் ஒரே அளவு, நசுங்கிய ரப்பர் உப்பி எழுந்திருந்தது. முடுக்கி ஓட்டிப் பார்த்தால், இன்ஜின் மேல் டம்ளர் தண்ணீர் வைத்தால்கூடச் சிந்தாது, அப்படி ஓடியது. தேசப்பன் சந்தோஷப்படவில்லை.

"மச்சான் போட்டு வழி பூரா லெப்ட்லயே இழுத்துச்சாம். சாமான எல்லாத்தையும் ரைட்டு பக்கம் மாத்தி வெச்சும் நிமிரலியாம். திரும்பி வரசொல்லோ சரியா வந்துச்சாம்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் சுமதியைப் பார்த்தேன். குழந்தை வளர்ந்து நடக்கிறது, நன்றாகச் சிரிக்கிறது, ஒரு குறையும் இல்லை. நானே தூக்கி ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு சுமதி ஏறினாள், வண்டி ஒரு அமுங்கு அமுங்கியது. அதில் வேறு சவாரி இல்லை. டிரைவர் கிளம்பப் போகிற நேரத்தில், இடதுபக்கம் இன்னொரு தரம் அமுங்கியது. டிரைவர் கவனிக்கவில்லை. சுமதி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.