சுயம்புலிங்கம் கேட்ட ரெண்டு நிமிஷம்

ஒரு மனுசனுக்கு ரெண்டு நிமிஷம் வேணும். அம்புட்டுதான். வீடு கேக்கலை, வாசல் கேக்கலை. மேடையில ரெண்டு நிமிஷம் யாரும் சத்தம் போடாம இருங்கய்யான்னு ஏழு வருசம் கேட்டார் சுயம்புலிங்கம். குடுத்தாங்களா? கேளுங்க அந்தக் கூத்தை.

ராஜபாளையத்துல ஒரு பஞ்சாலையில அவருக்கு சைடர் வேலை. நூல் நூக்கிற ரிங் ஃபிரேமுக்கு முன்னால நடந்துக்கிட்டே அறுந்த இழையை ஒட்டணும். எட்டு மணி நேரமும் அதான் பொழைப்பு. அங்க இருக்கிற இரைச்சலுக்கு வாயைத் திறந்து புண்ணியமில்லை. எல்லாரும் கையாலதான் பேசுவாங்க, மிச்சத்தை உதட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாங்க. மீசையை முறுக்கிக் காட்டினா மேஸ்திரி வருதாருன்னு அர்த்தம். ரெண்டு முஷ்டியையும் மோதிக் காட்டினா ஃபிரேமை நிறுத்துன்னு அர்த்தம். அதே மில்லுல நூலைச் சிட்டம் போடுற ரீலிங்குல வேலை பார்த்த தங்கபாயை அவர் கட்டிக்கிட்டதே இந்தக் கைப்பேச்சுலதான். ‘என்னைக் கட்டிக்கிடுதியா’ன்னு கேக்க மில்லுல சைகை கிடையாது. இவராவே ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் காட்டினார், அந்தப் பிள்ளைக்கும் அது புரிஞ்சுபோச்சு.

அந்தக் கையை வச்சே ஒரு நாடகம் கட்டினார். முப்பது நிமிஷம், ஒத்தை ஆள். ஒரு சைடரோட ஒரு ஷிஃப்ட்டுதான் கதை. ஓடுவான், ஒட்டுவான், வசவு வாங்குவான், சாமி கும்பிடுவான். கடைசியில கரண்டு போயிரும். ஃபிரேம் அம்புட்டும் ஒண்ணா நின்னுரும். மில்லுக்காரன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான், அப்ப காதுக்குள்ள ஒரு அமைதி வந்து இறங்கும் பாருங்க, ஆத்தாடி! நாடகத்துல அந்த ஆள் அப்படியே நின்னு ரெண்டு நிமிஷம் அதைக் கேக்கணும். அதோட முடிஞ்சுது. அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் முன்னால உள்ள இருபத்தெட்டு நிமிஷமும்.

இதை எங்க போடுறது? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத்துக்குப் பெரிய பெரிய கச்சேரி எல்லாம் வரும். அந்த மேடையில இவரை ஏற விடுவாங்களா? தேர் நிலைக்கு வந்து, பந்தலைப் பிரிச்ச பொறவு, தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல மூணு நாள் சின்ன நாடக விழா நடக்கும். ஆடியில கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அதான் காரணம். பேங்க் கிளார்க்கு, டீச்சரம்மா, மில்லுக்காரர்னு ஒரு ஆள் ரெண்டு ஆள் நடிக்கிற நாடகமா சாயங்காலம் சாயங்காலம் போடுவாங்க. நடத்துறவர் மன்றச் செயலாளர் பால்சாமி. மைக் செட்டு, சுந்தரபாண்டியத்துச் சிவனாண்டி.

எண்பத்தாறுல முதல் தடவை. நாடகம் பிரமாதமாப் போச்சு. நாடகத்துல கரண்டு போற இடம் வந்துச்சு, இவர் நின்னார். ரெண்டு நிமிஷம் எங்க, பத்து செகண்டு ஆகலை, குழாய் ஸ்பீக்கர்ல முருகன் பாட்டு அலறுது! சுயம்புலிங்கத்துக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. இறங்கிவந்து சிவனாண்டி சட்டையைப் பிடிச்சுட்டார்.

“அண்ணாச்சி, நீங்க அடுத்த கட்டத்தை மறந்துட்டீகன்னு நெனைச்சேன். மேடை சும்மா கிடந்தா ஜனம் என்ன சொல்லும்? சிவனாண்டி செட்டு அவுட்டுன்னுல்லா சொல்லும்? நாளைக்கு எவன் என்னைக் காதுகுத்துக்குக் கூப்பிடுவான்?” அவன் சொன்னதுல தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க. அவன் தொழிலே சத்தம்தான்.

மறுவருசம் அவன்கிட்ட முன்னாலேயே சொல்லி வச்சார். சிவனாண்டி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பால்சாமி மைக்கைப் பிடிச்சு, “நம்ம கலைஞர் செத்த நேரம் தடுமாறுதார், கைதட்டி உற்சாகப்படுத்துங்க”ன்னுட்டார். மண்டபமே தட்டுச்சு! அதுக்கு மறுவருசம் மில்லுல ஷிஃப்ட்டு மாத்தித் தரலை, நாடகமே போட முடியலை. அதுக்கும் அடுத்த வருசம் தலைமை தாங்க வந்தவருக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சாம். சும்மாதானே நிக்கான்னு அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஏறிவந்து பொன்னாடை போத்திட்டுப் போயிட்டார். தொண்ணூறுல நிகழ்ச்சி ஒரு மணி நேரம் லேட்டு. பால்சாமி வந்து தோள்ல கை போடுதார்.

“லிங்கம், ஒங்களுக்கு என்ன, சீன் செட்டா, கூட நடிக்க ஜதையா? ஒத்த ஆள்தானே, கொஞ்சம் சுருக்கிக்கிடுங்க. கடைசியில சும்மா நிக்கிறீகள்ல, அதை மட்டும் வெட்டிருங்க போதும்.”

சுயம்புலிங்கம் மேக்கப்பைக்கூட அழிக்காம தேரடியில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வைதுக்கிட்டே நடந்தார். ரெண்டு வருசம் அந்த மண்டபத்துப் பக்கமே எட்டிப் பாக்கலை.

இதுக்கு நடுவுல காது போக ஆரம்பிச்சிருந்துச்சு. மில்லு இரைச்சல் தின்னது பாதி. தொண்ணூத்தி ரெண்டுல வந்த விஷக்காய்ச்சல் தின்னது மீதி. டாக்டர் கையை விரிச்சுட்டார். இவர் ஒத்துக்கிட்டாத்தானே! “வலது காது நல்லாத்தான் கேக்கு”ன்னு சாதிப்பார். முன்னால நின்னு பேசினா டக்குனு பதில் சொல்லுவார். முதுகுக்குப் பின்னால நின்னு தங்கபாய் கூப்பிட்டாத்தான் திரும்பமாட்டார்.

“இந்த வருசம் போட்டுரணும் ஏட்டி. வலது காதும் அடைக்கிறதுக்குள்ள ஒரே ஒருதரம் அதைக் கேட்டுரணும்.”

“காது அடைச்சுட்டா ஒங்களுக்கு நாள் பூரா அமைதிதானே” என்று வாய்விட்டுட்டா அவ.

“போடி பைத்தியக்காரி. நூறு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான் பாரு, அது அமைதி. இது அடைப்பு. அது வேற, இது வேற.”

தொண்ணூத்தி மூணு ஆடி. பால்சாமி கிட்டப் போயி, குறுக்க வந்தா மேடையிலேயே வைவேன்னு சொல்லி வச்சார். சிவனாண்டிக்குத்தான் பழசு தெரியுமேன்னு விட்டுட்டார். தங்கபாய் முதல் வரிசையில உக்காந்தா. மண்டபத்துல பாதி மில்லு ஜனம். நாடகம் ஓடுச்சு. கரண்டு போச்சு. நின்னார்.

ஒண்ணுமில்லை. ஒரு சத்தமும் இல்லை. பாட்டில்லை, கைதட்டல் இல்லை, இருமல்கூட இல்லை. வந்துருச்சு! சுயம்புலிங்கத்துக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டுது. ஏழு வருசத்து வயித்தெரிச்சல் அம்புட்டும் அந்தக் கண்ணீரோட இறங்குது. முன்வரிசையில ஒரு அம்மா மெதுவாத் தலையாட்டுது. ரசிக்குதுன்னு நெனைச்சுக்கிட்டார். ரெண்டு நிமிஷத்தையும் மனசுக்குள்ள எண்ணி முடிச்சு, கும்பிட்டு, பிடிமானத்துக்கு ஓரத்து ஸ்பீக்கர் பெட்டியில கையை ஊணி இறங்கினார்.

பெட்டி அதிருது. ஃபிரேம்ல கை வச்சா எப்படி அதிரும், அப்படி உள்ளங்கையில அதிருது.

சிவனாண்டி சிரிச்ச முகமா ஓடியாந்தான். அவன் உதட்டைப் படிச்சார். “முருகன் பாட்டுப் போட்டாத்தானே கோவிச்சீக. இந்தத் தடவை சோகமாப் புல்லாங்குழல் கேசட்டு, ஒங்களுக்குன்னே வாங்கியாந்தேன் அண்ணாச்சி.”

சுயம்புலிங்கம் தங்கபாயைப் பாத்தார். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுலேயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு, பாட்டு ஓடினது மட்டுமில்லை, காது முழுசா அடைச்சுப்போனதும். ரெண்டு முஷ்டியையும் தூக்கி ஓங்கி மோதினார். ஃபிரேமை நிறுத்து.

மில்லு ஜனத்துக்குச் சொல்லித் தரணுமா? மண்டபத்துல பாதி எந்திருச்சு நின்னுருச்சு. தங்கபாய் விறுவிறுன்னு போயி வயரைப் பிடுங்கி எறிஞ்சா. பெட்டியில அதிர்வு நின்னுச்சு. அவர் திரும்ப மேடையேறி, அதே இடத்துல, அதே மாதிரி நின்னார்.

இப்ப நிசமாவே ஒரு பயலும் மூச்சு விடலை. பால்சாமி வாயைப் பொத்திக்கிட்டு நின்னார். சிவனாண்டி பிடுங்கின வயரைக் கையில வச்சுக்கிட்டு அழுதான். ரெண்டு நிமிஷம் ஆச்சு. சுயம்புலிங்கம் இறங்கி வந்தார். ‘நிசமாவா?’ன்னு பொஞ்சாதிகிட்டக் கையால கேட்டார். ஆமான்னு அவ சத்தியம் பண்ணிக் காட்டினா.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு ஏட்டி” என்றார். மெதுவாச் சொன்னதா அவருக்கு நெனைப்பு. மண்டபம் பூரா கேட்டுச்சு.