ஒரு படி கேப்பை

திண்டிவனம் கடைத்தெருவில் இன்று மூட்டை பிரித்த கேப்பையின் வாசனை மூக்கில் ஏறியதும், நாலுவழிச் சாலைக்காக இடித்துவிட்ட எங்கள் பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகைக்குள் நினைவில் போய் நின்றேன். வெயிலில் படபடக்கும் தகரமும் ஓரமாக அடுக்கிய தானிய மூட்டைகளின் சாக்கு நெடியும் காலடியில் உருளும் தானியமுமாக, எங்கள் கணக்கு வகுப்பு அங்கேதான் நடந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து நடுவருஷத்தில் வந்து சேர்ந்த ஷமீமா அந்த வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். கணக்கில் இன்னொரு முறை பெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் டீச்சர் படி நிறையக் கேப்பையை வைத்து, "இதுல எத்தினி இருக்கும்?" என்றார். லட்சம், கோடி என்று நாங்கள் கத்தினோம். ஷமீமா மெல்ல எழுந்தாள்.

"ஒரு பேனா மூடி அளவு மட்டும் எண்ணிக்கலாம் டீச்சர். படிக்கு எத்தினி மூடின்னு அளந்து பெருக்கிட்டா போதுங்க."

கொட்டகையே பரபரத்தது. கிடைத்த பேனா மூடிகளோடு தரையில் குப்புறப் படுத்து எண்ணினோம். விடை கரும்பலகையில் ஏறியதும் அவளே மறுபடி கேட்டாள். "ஊற வெச்சா உப்பிக்கினு படி வழியுமே! எண்ணிக்கை அதேதானே, அப்புறம் ஏன் டீச்சர்?"

"ஊற வெச்சே பாத்துடலாம், வா!" என்று டீச்சர் படியை அவள் கையில் கொடுத்தார். ஷமீமா குழாயடிக்கு ஓட, வகுப்பே பின்னால் ஓடியது. முழுப் பரீட்சைக் கணக்கிலும் அவள் எங்களுக்கு முன்னால்தான் இருந்தாள்.